பெட்டி எண் நான்கு

மேலே ஏழு மீட்டர் செங்கல், பாக்சைட்.
அதன்கீழ் களி, வெளுத்த ரோஜா நிறம்.
இருபத்திரண்டில் துளைமுனை முனகத் தொடங்கும்.
அங்கிருந்து சார்னோக்கைட்,
எண்ணெய்க் கை பட்டதுபோல் மினுங்கும் நீலக்கருப்பு.

மலையை நான் இப்படித்தான் அறிவேன்:
மணிக்கட்டு கனத்தில் உருளைகளாக,
மீட்டர் மீட்டராக, மரப்பெட்டிகளில்,
இடமிருந்து வலம்.
வருகிறவர்கள் கொண்டையூசி வளைவுகளை எண்ணி
குமட்டலோடு இறங்கிப் படகு ஏறுகிறார்கள்.
எனக்குச் சேர்வராயன் படுத்த வாக்கில்தான் பழக்கம்.

பொன்னுருவிதான் ரிக்குக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவள்.
பாக்சைட்டுன்னா என்னா, என்றாள்.
மழை கோடி வருசம் கழுவி
எடுத்துப்போனது போக மிச்சம், என்றேன்.
அப்போ மழைக்கு வேண்டாதது.
ஆமாம்.
உன் சோத்துப் போசியும் அதுதானே,
என்று சிரித்துவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தாள்.
அன்று மதியம் புளிச்சோற்றில்
லேசாக மழையின் எச்சில் ருசித்தது.

விடியலில் ஒரு சீழ்க்கை.
பேரிங் காய்ந்துவிட்டதென்று
தெய்வசிகாமணி கிரீஸ் டப்பாவோடு ஓடினார்.
ரிக் ஓடவே இல்லை.
சில்வர் ஓக் கிளையில் நீலக் குருவி ஒன்று
தன் சந்தேகத்தைத் திரும்பச் சொல்லிப் பார்த்தது.

மார்கழி ஒன்பதாம் இரவு.
பனி தார்ப்பாயின் மேல் நடந்த சத்தம் என்று நினைத்தேன்.
டார்ச்சை அடித்தால்
வெளிச்சம் போய் முட்டி நின்றது ஒரு விலாவில்.
காட்டுமாடு.
மலையிலிருந்து ஒரு பாறை எழுந்து
பசியோடு வந்த கருமை.
முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை,
அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கத்துக்குள்
யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டு வந்ததுபோல.
அது என்னைப் பார்க்கவில்லை.
தலையைத் தாழ்த்திப்
பெட்டி நான்கைப் படித்தது, நாக்கால்,
வலமிருந்து இடம்.

டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில் அந்தச் சொரசொரப்பு
வெகுநேரம் கேட்டது.

காலையில்
சார்னோக்கைட் உருளைகள் புல்லில் உருண்டு கிடந்தன.
இருநூற்றைம்பது கோடி ஆண்டு,
ஒரு கீறல் இல்லை.
களியைத்தான் காணோம்,
பதினெட்டு மீட்டரிலிருந்து பத்தொன்பது புள்ளி ஆறு வரை.
பெட்டியின் பலகை ஒன்று குறுக்கே முறிந்திருந்தது.

சேலத்திலிருந்து கூப்பிட்டார் ஜியாலஜிஸ்ட்.
மாதிரி இழப்பா? பிளவு எதாவது?
இல்லை சார்.
ஊற்றா?
இல்லை.
பிறகு?
மாடு தின்னுடுச்சு சார்.
லைனில் ஜங்ஷன் பக்கத்து ரயில் ஒன்று
முழுதாகக் கடந்துபோயிற்று.
அறிக்கையில் அப்படி எழுதாதே, என்றார்.

எழுதவில்லை.
‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.
என் கையெழுத்தில் முதல் பொய்,
அதுவும் ஒரு மலையைப் பற்றி.

பொன்னுருவி குனிந்து மண்ணைப் பார்த்தாள்.
இது ஆண் இல்லை, என்றாள்.
பக்கத்தில் சின்னதாக இன்னொன்று இருக்கு, பார்.
குளம்புத் தடம், அதனருகே
இரண்டு பாக்குக் கொட்டையைப் பிளந்து அழுத்தினாற்போல்
இன்னொரு தடம்.
இரண்டிலும் பனித்தண்ணீர்.
சினை இருந்தாலும் பால் இருந்தாலும்
மண்ணு கேக்கும், என்றாள்,
இடுப்புக் குடத்தை மாற்றிக்கொண்டே.
நானும் தின்னேன், ரெண்டாவதுக்கு.

யாரும் கேட்காத ஒரு வேலை செய்தேன் அப்புறம்.
டேப்பை நீட்டி அளந்து,
துளைப்பதிவேட்டின் முதல் வரிக்கும் மேலே,
தலைப்புக்கும் கோட்டுக்கும் நடுவில்
இடமே இல்லாத இடத்தில்
பென்சிலால் எழுதினேன்:

சுழியம் முதல் சுழியம் புள்ளி சுழியம் ஒன்பது வரை,
குளம்பு.
ஈரம்.
கீழ் அடுக்கோடு தொடர்பு உண்டு.